ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்: விசாரணைக் கைதியின் குடும்பம் வைத்திருக்க வேண்டிய நாள் கணக்கு

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி மொத்தம் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களில் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஜாமீன் கேட்கும் உரிமை எந்த நாளில் பிறந்தது என்றே தெரியாமல் அந்த நாளைக் கடந்துவிட்டவர்களும் உண்டு.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. கைதிக்குச் சாதகமான சில கதவுகள் புதிய சட்டத்தில் இருக்கின்றன. அவை எல்லாமே தேதியோடு கட்டப்பட்டவை. இத்தனை நாள் ஆனால் இது கேட்கலாம், இந்த நாளுக்கு முன் கேட்காவிட்டால் போச்சு. அந்த நாள் வந்ததும் யாரும் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. சிறைக் கண்காணிப்பாளரிடமும் நீதிமன்ற எழுத்தரிடமும் சட்ட உதவி வழக்கறிஞரிடமும் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. குடும்பத்திடம் இருப்பது ஒரே பெயர். ஆகவே கணக்கைக் குடும்பம்தான் வைத்திருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை: காவல் நிலையம், குற்ற எண் மற்றும் ஆண்டு, முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவுகள், கைதான தேதியும் நேரமும், முதன்முதலில் ரிமாண்ட் செய்யப்பட்ட (நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்ட) தேதி, ரிமாண்ட் செய்த நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம், எந்தச் சிறை, சிறை எண். நீதிமன்றத்தில் வழக்கு எண் விழுந்ததும் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று பார்க்கலாம். இந்த நோட்டு இல்லாமல் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிற குடும்பம், "எப்போ ரிமாண்ட் ஆனாங்க?" என்ற முதல் கேள்வியிலேயே திணறுகிறது.

கைதான அன்று

முதலில் கேட்க வேண்டியது கைதுக்கான காரணங்கள் எழுதிய தாள். அச்சடித்த படிவத்தில் "சாட்சிகளைக் கலைக்காமல் இருக்க", "மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க" என்று டிக் அடித்திருப்பது போதாது. அது யாருக்கும் பொருந்துகிற பொதுக் காரணம். இந்த ஆள், இந்த நாளில், இன்னதைச் செய்ததாகக் கைது என்று அவரைப் பற்றிய விவரம் இருக்க வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் தீர்ப்பிலும், யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு 2024 மே மாதம் பிரபீர் புர்கயஸ்தா தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பில், எந்தக் குற்றமாக இருந்தாலும் காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றது. அந்த இடத்திலேயே எழுதித் தர முடியாத நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாளைக் கொடுத்தாக வேண்டும்.

இது தப்பிப் போகிற இடம் ஒன்றுதான்: "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தாள் கைக்கு வந்திருக்காது. ரிமாண்டின்போது நடுவர் "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்பார். தாள் வரவில்லை என்றாலும், அடி விழுந்திருந்தாலும் அந்த இடத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடை குறைந்துவிடும்.

ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில் அறிவிப்பு அனுப்புவதே முறை. மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால், 60 வயதுக்கு மேற்பட்டவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்கிறது 35(7). வயதுக்கான சான்றை ரிமாண்டுக்கு முன்பே வழக்கறிஞர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உதவி எண் 15100.

அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள்

குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால், வழக்கு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் ஜாமீன் உரிமை. பி.என்.எஸ்.எஸ். 187(3). மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். கஞ்சா வழக்கில் வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேல் என்றால் 180 நாள். அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து நீதிமன்றம் ஏற்றால் அது ஓராண்டு வரை நீளும்.

கணக்கு கைதான நாளிலிருந்து தொடங்குவதில்லை, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து தொடங்கும். அந்த ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும் என்று 2023 மார்ச்சில் அமலாக்கத் துறை - கபில் வாதவான் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. மார்ச் 3 அன்று ரிமாண்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 29 நாள், ஏப்ரலில் 30, ஆக 59. மே 1 அறுபதாம் நாள். அன்று முடிவதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் மே 2 காலையில் உரிமை பிறந்துவிட்டது.

பிறந்த உரிமை அன்றே கேட்கப்பட வேண்டும். மே 2 காலை மனு போடாமல் மதியம் வரை காத்திருந்து, நடுவில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கதவு மூடிவிடும். மனு முதலில் போய்விட்டால், அதன்பின் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. இதைத் தெளிவாகச் சொன்னது சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன எம். ரவீந்திரன் வழக்கு, 2020. ஆகவே இணையவழித் தாக்கல் நல்லது. மனு போன நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகும். நீதிமன்ற விடுமுறை என்று போலீஸுக்குக் கெடு நீண்டுவிடும் என நினைத்து நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம்.

அதே தீர்ப்பில் பலர் கவனிக்காத இன்னொரு பகுதி உண்டு. ஜாமீன் உத்தரவில் குறித்த காலத்துக்குள் ஜாமீன்தாரர்களை நிறுத்தாவிட்டால் காவல் தொடர்வது செல்லும். மனு போட்ட பிறகு ஜாமீன்தாரர் தேடப் போவது இங்கேதான் ஆளை விழுத்தாட்டுகிறது. ஐம்பத்தைந்தாம் நாளுக்குள் இரண்டு பேர், அவர்களின் காகிதங்களோடு, தயாராக இருக்க வேண்டும்.

இந்த ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போட்டால் ஏற்க வேண்டியதில்லை. மதுரைக் கிளை எட்டு லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன சரவணன் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. அதே ஆண்டு எஸ். காசி வழக்கில், கொரோனாவுக்காக வழக்குக் காலக்கெடுக்கள் நீட்டிக்கப்பட்டது குற்றப்பத்திரிகைக்குப் பொருந்தாது என்றது. இரண்டுமே தமிழ்நாட்டு வழக்குகள். நம் ஊர் வழக்கறிஞர்கள் நாடு முழுவதற்கும் வாங்கித் தந்த சட்டம்.

குழப்பம் உள்ள இடம் "பத்தாண்டு வரை" தண்டனையுள்ள குற்றங்கள். வழிப்பறி, பி.என்.எஸ். 309(4), இதற்கு உதாரணம். பழைய சட்டத்தில் "பத்தாண்டுக்குக் குறையாத" என்று இருந்ததால், குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் தீர்ந்தது. புதிய சட்டம் "பத்தாண்டு அல்லது அதற்கு மேல்" என்று சொற்களை மாற்றியதால் வாதம் மறுபடி எழுந்திருக்கிறது. 61-ஆம் நாளே மனு போட்டுவிடுங்கள், தள்ளுபடியானால் 91-ஆம் நாள் மறுபடி போடலாம். முதல் மனுவால் இழப்பு ஒன்றுமில்லை.

போலீஸ் காவலைப் பற்றியும் ஒரு சொல். 15 நாள் போலீஸ் காவலை இப்போது முதல் 40 நாளுக்குள், அல்லது 90 நாள் வழக்கில் 60 நாளுக்குள், பிரித்துப் பிரித்து எடுக்கலாம். இதைக் காட்டி "இன்னும் கஸ்டடி எடுக்க வேண்டியிருக்கிறது" என்று சாதாரண ஜாமீன் மனுவை எதிர்ப்பார்கள். முதல் 15 நாளுக்குப் பிறகான போலீஸ் காவல் தேவை என்பது மட்டுமே ஜாமீன் மறுக்கப் போதிய காரணம் ஆகாது என்று பி.என்.எஸ்.எஸ். 480(1)-இலேயே எழுதியிருக்கிறது. மனுவில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பி.என்.எஸ்.எஸ். 479: மூன்றில் ஒரு பங்கு

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, சாதாரண ஜாமீன் தள்ளுபடியாகிக்கொண்டே இருக்கிறது, வழக்கு நகரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கானது 479. பழைய 436-ஏ பிரிவில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன் என்று இருந்தது. புதிய பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்த ஒரு பங்கு முடிந்ததும் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம், 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உத்தரவிட்டது. "உங்கள் வழக்கு பழைய சட்டத்தில் போட்டது" என்று யாராவது சொன்னால் அந்த உத்தரவைக் காட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணத் திருட்டு, பி.என்.எஸ். 303(2), அதிகபட்சம் மூன்றாண்டு. முதல் முறையாளருக்கு ஓராண்டு, மற்றவருக்கு ஒன்றரை ஆண்டு. வீடு புகுந்து திருட்டு, 305, ஏழாண்டு: இரண்டு ஆண்டு நான்கு மாதம், மூன்றரை ஆண்டு. மோசடி, 318(4), அதுவும் ஏழாண்டு. வழிப்பறி பத்தாண்டு: மூன்று ஆண்டு நான்கு மாதம், ஐந்து ஆண்டு. ஒரே வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் அதிகத் தண்டனை உள்ள பிரிவை வைத்துக் கணக்கிடுங்கள்.

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. கொலை என்றால் எல்லாருக்கும் புரியும். காயம் ஏற்பட்ட கொலை முயற்சி வழக்கிலும் ஆயுள் தண்டனைக்கு இடம் உண்டு, கூட்டுக் கொள்ளையிலும் உண்டு. இவர்களுக்கு 479-ஐ நம்பி நாள் எண்ணிக் காத்திருப்பது வீண், வேறு வழியில் ஜாமீன் கேட்க வேண்டும்.

"முதல் முறையாளர்" என்றால் முன்பு தண்டிக்கப்படாதவர். முன்பு வழக்கு இருந்தது, விடுதலையானது என்றால் அவர் முதல் முறையாளர்தான். போலீஸின் எதிர்மனுவில் "முன் வழக்குகள்" என்று பட்டியல் வரும். அதில் எது தண்டனை, எது விடுதலை, எது நிலுவை என்று பிரித்து, தீர்ப்பு நகல்களோடு பதில் போட வேண்டும். இதைச் செய்யாததால் மட்டுமே பாதிக் கணக்கில் வைக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய முட்டுக்கட்டை 479(2). ஒன்றுக்கு மேற்பட்ட குற்றத்திலோ பல வழக்குகளிலோ புலன் விசாரணையோ வழக்கு விசாரணையோ நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவில் ஜாமீன் இல்லை என்கிறது. பழைய 436-ஏ-வில் இந்தத் தடை இல்லை. ஒரே ஒரு பிரிவோடு நிற்கிற முதல் தகவல் அறிக்கை அபூர்வம். திருட்டு என்றால் அத்துமீறி நுழைதல் சேரும், அடிதடி என்றால் ஆபாசமாகத் திட்டியதும் மிரட்டியதும் சேரும். சொல்லுக்குச் சொல் படித்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் முழுக்கப் பறிக்கும் பிரிவு இது. ஏழைகளைத்தான் இது அதிகம் தடுக்கும், ஏனென்றால் ஒரு திருட்டில் மாட்டியவர் மீது அந்தப் பகுதியின் தீராத வழக்குகளும் ஏறுவது வழக்கம். ஒரே சம்பவத்தில் எழுந்த பல பிரிவுகளை "ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்" என்று கொள்ளக் கூடாது, தனித்தனிச் சம்பவங்களையே கொள்ள வேண்டும் என்று வாதிட வேண்டும். அதோடு நின்றுவிடாமல், அதே மனுவில் மாற்றாக 480 அல்லது 483 பிரிவின் கீழும், அரசியலமைப்பின் 21-ஆவது கூறின் கீழும், நீண்ட சிறைவாசத்தைக் காட்டிச் சாதாரண ஜாமீன் கேட்க வேண்டும். 479 மூடினாலும் அவை மூடுவதில்லை. அதிகபட்சத் தண்டனைக் காலம் முழுவதையும் கழித்துவிட்டவரை இந்தத் தடை காட்டியும் வைத்திருக்க முடியாது.

479(3) இன்னொரு புதிய கடமையை வைத்திருக்கிறது. பாதியோ மூன்றில் ஒரு பங்கோ முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். நாள் நெருங்கும்போது, பதினைந்து நாள் முன்பாகவே, கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெயர், சிறை எண், குற்ற எண், முதல் ரிமாண்ட் தேதி, நடுவே வெளியில் இருந்த நாட்கள், முடியும் தேதி, 479(3) என்ற பிரிவு எண். இவ்வளவே போதும். ஒரு நகல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு. மாவட்ட நீதிபதி தலைமையில் கூடுகிற விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் குழுவின் பட்டியலிலும் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறையிலிருந்து காவல் காலச் சான்று வாங்கி மனுவோடு இணைத்தால் எதிர்த்தரப்பு நாள் கணக்கில் வாதாட முடியாது.

கைதியால் ஏற்பட்ட தாமதம் இந்தக் கணக்கில் கழிக்கப்படும். அதனால்தான் ஒவ்வொரு வாய்தாவையும் நோட்டில் எழுதச் சொல்வது. சாட்சி வரவில்லை, நீதிபதி விடுப்பு, சிறைக் காவலுக்குப் போலீஸ் இல்லாததால் ஆளைக் கொண்டுவரவில்லை என்று இருந்தால் அது உங்கள் கணக்கில் வராது. "எதிரி தரப்பு அவகாசம் கேட்டது" என்று பதிவானால் வரும்; நீதிமன்ற மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். தேவையில்லாமல் அவகாசம் கேட்க வேண்டாம் என்று உங்கள் வழக்கறிஞரிடமே சொல்லிவையுங்கள்.

உத்தரவிலிருந்து வாசல் வரை

சென்னை உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், பல சமயம் அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர்களின் புகைப்படமும் இடது கைப் பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. இந்த உத்தரவை எடுத்துக்கொண்டு நேராகச் சிறை வாசலுக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. போக வேண்டியது வழக்கு இருக்கிற நடுவர் நீதிமன்றத்துக்கு. அங்கே ஜாமீன்தாரர்களை நிறுத்தி, நடுவர் ஏற்று, விடுதலை ஆணை சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். மாலை லாக்கப் முடிந்த பிறகு ஆணை வந்தால் மறுநாள் காலைதான். ஆகவே ஜாமீன்தாரர்களைக் காலையிலேயே நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், வெள்ளிக்கிழமை பிற்பகலைத் தவிருங்கள்.

ஜாமீன்தாரர் கொண்டுவர வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது பட்டா நகல், இரண்டு புகைப்படம். சில நீதிமன்றங்களில் வி.ஏ.ஓ. சான்றோ தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்றோ கேட்பார்கள். எது வேண்டும் என்பதை முதல் நாளே நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் மிச்சமாகும். எல்லாக் காகிதத்திலும் பெயரும் தந்தை பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பி அனுப்பப்படுவதற்கு அதிகக் காரணம் இதுதான். இரத்த உறவு என்றால் உறவைக் காட்டும் சான்றும் வேண்டும். திருமணமான அக்காவின் ஆதாரில் கணவர் பெயர் இருக்கும், தந்தை பெயர் இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜாமீன் நிற்கத் தயங்குவார். பணம் இப்போது கட்ட வேண்டியதில்லை, ஆள் வராமல் போனால்தான் பத்திரத் தொகைக்கு அவர் பொறுப்பு, பின்னால் விலக விரும்பினால் நீதிமன்றத்தில் மனு போட்டு விலகலாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். வேறு யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறார் என்று நீதிமன்றம் கேட்கும், உண்மையைச் சொல்ல வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறவர்கள் பக்கம் போகாதீர்கள். போலிக் காகிதம் பிடிபட்டால் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் சேரும்.

உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வெளி மாவட்டக்காரரை நிராகரிப்பது தவறு என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிவிட்டார். பல வழக்குகள் உள்ளவர் ஒவ்வொன்றுக்கும் புது ஆளைத் தேட வேண்டியதில்லை, ஒரே ஜாமீன்தாரர்கள் போதும் என்று 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ஜாமீன்தாரரே கிடைக்கவில்லை என்றால்? 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்காகவே வழிமுறைகள் தந்தது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பப் பொருளாதார நிலை குறித்து அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றத்தில் கேட்கலாம். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். எட்டாம் நாள் ஒரு கடிதம், முப்பத்தொன்றாம் நாள் ஒரு மனு. இந்த இரண்டு தேதியையும் ஜாமீன் கிடைத்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். நடுவர் விதித்த தொகை அதிகம் என்றால் 484-ஆம் பிரிவில் அமர்வு நீதிமன்றத்தில் குறைக்கக் கேட்கலாம். ஜாமீனில் விடக்கூடிய சிறு குற்றமாக இருந்து ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், அவரை வசதியற்றவராகவே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது 478. ஏழைக் கைதிகளின் பிணைத் தொகைக்கும் அபராதத்துக்கும் உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2023 முதல் இருக்கிறது. போதைப் பொருள், யு.ஏ.பி.ஏ., பணமோசடி வழக்குகளுக்கு அது இல்லை. உச்சவரம்பு மாற்றப்பட்டு வருவதால் இன்றைய தொகையை ஆணைக்குழுவில் கேளுங்கள்.

ஆணையில் ஒரு எழுத்துப் பிழை ஆளை உள்ளே வைத்துவிடும். காசியாபாத் சிறையில் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகு, உத்தரவில் உட்பிரிவு ஒன்று விடுபட்டிருந்ததைக் காட்டி நாள்கணக்கில் விடாமல் வைத்திருந்தார்கள். 2025 ஜூனில் அவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவானது. இப்போது பழைய சட்டப் பிரிவும் புதிய சட்டப் பிரிவும் கலந்து ஓடுவதால் இந்தப் பிழைக்கு வாய்ப்பு அதிகம். ஜாமீன் உத்தரவு கைக்கு வந்ததும் பெயர், தந்தை பெயர், குற்ற எண், பிரிவுகள் நான்கையும் ரிமாண்ட் உத்தரவோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்த மனு.

இன்னொரு தடை பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆணை. ஒரு வழக்கில் ஜாமீன் வாங்கி வாசலில் காத்திருக்கும்போது, வேறு வழக்கில் அவரைச் சிறையிலேயே முறைப்படி கைது காட்டியிருப்பது தெரியவரும். சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு முறையும் "புதுசா ஏதாவது கோர்ட்டுக்குக் கூட்டிப் போனாங்களா, வீடியோவில் காட்டினாங்களா?" என்று கேளுங்கள். புது வழக்குக்கு 60, 90 நாள் தனியாக ஓடும், அதற்கு நோட்டில் புதுப் பக்கம்.

குண்டாஸ்

குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாடு சட்டத்தில் அடைக்கப்பட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் அந்தக் காவலுக்குப் பொருந்தாது. அது வழக்கே இல்லை, தடுப்புக் காவல், 12 மாதம் வரை. ஐந்து நாளுக்குள் காரணங்கள் அடங்கிய ஆவணக் கட்டு கைதிக்குத் தரப்பட வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும். உடனே செய்ய வேண்டியது அரசுக்கு ஒரு முறையீட்டு மனு. அதைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம் ஏற்பட்டால் அதுவே உயர் நீதிமன்ற ஆட்கொணர்வு மனுவில் காவலை உடைக்கும் காரணம் ஆகலாம். கட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள்: படிக்க முடியாத நகல், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்க்காமல் தந்த ஆங்கிலப் பக்கம் எல்லாமே முக்கியம்.

குண்டாஸ் போட்டதும் மூல வழக்கை மறந்துவிடுவதுதான் பலர் செய்வது. அந்த வழக்கில் ரிமாண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 60, 90 நாளும் ஓடுகிறது. அதில் ஜாமீன் வாங்கி வைக்காவிட்டால், உயர் நீதிமன்றம் குண்டாஸை ரத்து செய்த அன்றும் ஆள் வெளியே வர முடியாது.

தண்டனை ஆன பிறகு

விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழியும், பி.என்.எஸ்.எஸ். 468. மூன்றாண்டுத் தண்டனையில் 14 மாதம் ஏற்கெனவே கழித்திருந்தால் மீதி 22 மாதம்தான். தீர்ப்பிலும் சிறைக்குப் போகும் வாரண்டிலும் அந்த நாட்கள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். மூன்றாண்டு வரையான தண்டனை என்றால், ஜாமீனில் இருந்தவருக்கு மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தர, தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்துக்கே 430-இல் அதிகாரம் உண்டு. தீர்ப்பு நாளில் ஜாமீன்தாரர்களையும் கூட்டிப் போங்கள்.

புதிதாக வந்த சமூக சேவைத் தண்டனை ஆறு குற்றங்களுக்கு மட்டும். அதில் குடும்பங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது திருட்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறைத் தண்டனையாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சிறை இல்லை, சமூக சேவைதான். இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. கைப்பற்றல் மகஜரில் மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அது எதன் அடிப்படையில் என்று முதல் வாரத்திலேயே பாருங்கள்.

வெளியே வந்த பிறகு

தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை கூலி வேலைக்குப் போகிறவரின் பிழைப்பைக் கெடுக்கும். அதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது. போன ஒவ்வொரு நாளும் தேதியைக் குறித்து, முடிந்தால் பதிவேட்டுப் பக்கத்தை வழக்கறிஞருக்குத் தெரியப்படுத்துங்கள். சில வாரம் தவறாமல் போட்ட பிறகு, வேலைச் சான்றோடு, நிபந்தனையைத் தளர்த்த அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். வாரம் ஒரு முறை என்றோ முழுவதும் நீக்கியோ உத்தரவு வாங்க முடியும். நீதிமன்ற வாய்தாவைத் தவறவிட்டால் பிணை முறியும், வாரண்ட் வரும், பி.என்.எஸ். 269-இல் தனி வழக்கும் வரலாம், 479 கணக்கில் உங்கள் பக்கத் தாமதமாகவும் அது ஏறும். உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையிலேயே மருத்துவச் சான்றோடு வழக்கறிஞர் மூலம் ஆஜர் விலக்கு மனு போக வேண்டும்.